ஒற்றைக் காலில் நெய்த நான்கு விரல்

என் கணவருக்குப் பூனை ஆகாது. தும்மல், அரிப்பு என்று உடம்புக்கு ஆகாமல் போவது வேறு. இவருக்குக் கொள்கையாகவே ஆகாது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவர் முறைக்காத பூனை கிடையாது. பட்டு நெய்கிற வீட்டுக்குள் நகம் உள்ள எதுவும் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். அடிக்கடி என் கையைப் பிடித்து நகத்தை உற்றுப் பார்த்து, "வெட்டும்மா, இழைல மாட்டப் போவுது" என்பார். பிரியமாகக் கையைப் பிடிக்கிறார் என்று கல்யாணமான புதிதில் ஏமாந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் என் மகள் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவளோடு கம்பெனி பஸ்ஸில் வரும் தோழிக்குத் திருப்பருத்திக்குன்றத்தில் வீடு, ஜெயின் குடும்பம். அவர்கள் வீட்டுப் பூனை பரண்மேல் குட்டி போட்டிருந்தது. ஆள் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். என் மகள் தன் சாப்பாட்டுப் பைக்குள் ஒன்றை வைத்து, ஜிப்பை முக்கால்வாசி மூடி, ஷேர் ஆட்டோவில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை கிடையாது. டிபன் டப்பாவைக் கழுவலாம் என்று நான் பையை எடுத்தேன். பை கத்தியது.

"இன்னா சத்தம் அது?" என்று தறியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணும் இல்ல நைனா, போன்ல ரிங்டோன் மாத்திக்கினு இருக்கேன்" என்றாள் மகள்.

ரிங்டோன் பையிலிருந்து தலையை நீட்டி, இறங்கி, நேராக அவரை நோக்கி நடந்தது. வெளுத்த ஆரஞ்சு நிறம், நான்கு பாதங்களும் வெள்ளை. அவர் நெய்வதை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"சாயம் சரியா ஏறல" என்றார். பிறகு, "கொண்டுபோய் வுட்டுடு" என்றார்.

மகள் விடவில்லை. "ஜெயின் வூட்டுக் குட்டி நைனா. சுத்த சைவம். வெங்காயம்கூடத் தொடாது" என்று அடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் மீன், கறி எதுவும் கிடையாது. கார்த்திகை, பிரதோஷ விரதம் எல்லாம் தவறாமல் இருக்கிற மனுஷனுக்கு இந்த வாதம் எங்கோ தைத்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"இருக்கட்டும். ஆனா இந்தத் தறில இப்பத்தான் ஏறியிருக்கிறது முகூர்த்தப் பொடவ. இதுல பூனையால ஒரு கொற வந்துச்சின்னாலும், அன்னிக்கே அது கெளம்பணும். அப்புறம் அழக்கூடாது."

மகள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என்னையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாமலே நானும் தலையாட்டினேன்.

மகள் செய்தது சத்தியம் மட்டும்தான். அவள் காலையில் பஸ் ஏறிவிடுவாள்; குட்டி என் தலையில். பால் கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாது என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். அந்த அட்டையில் பெரிதாக ஒரு மீன் படம். அதைப் பார்த்ததும் இவர் சுவாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கடைசியில் பாக்கெட்டில் இருந்ததைப் பழைய ஊறுகாய் ஜாடியில் கொட்டி, மூடி, அட்டையைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஜாடிக்குள் இருப்பது என்ன என்று அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. சில நாளிலேயே ஜெயின் வளர்ப்பு சுவர்ப் பல்லியின் வாலோடு என் முன்னால் வந்து நின்றது. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

மற்ற வேலைகள் வேறு. ஒரு பழைய பேசினில் மணல் கொட்டி வைத்தேன். குட்டி அந்த மணலில் படுத்துத் தூங்கியது. போக வேண்டியதற்கு என் கோலமாவு டப்பாவைத் தேர்ந்தெடுத்தது. நான் நெசவுக்கு வேண்டிய நூலை ராட்டையில் தார் சுற்ற உட்கார்ந்தால் போதும், சக்கரத்துக்கு எதிரே வந்து குந்திக்கொண்டு, அது சுற்றுகிற பக்கமெல்லாம் தலையைச் சுழற்றும். கடைசியில் மயங்கிப் பக்கவாட்டில் சாயும். எழுந்து மறுபடியும் அதையே செய்யும். இந்த அறிவை வைத்துக்கொண்டு இது எப்படிப் பிழைக்கும் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

பெயர் வைக்க இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பேரு வெச்சா தங்கிடும்" என்றார். அதனால் அதை "ஏய்" என்று கூப்பிட்டார். இதில் ஒரு சிக்கல். என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் "ஏய்" என்றால் சமையலறையிலிருந்து நாங்கள் இருவரும் எட்டிப் பார்ப்போம். குட்டி எனக்கு முன்னால் ஓடிவிடும். எனக்குப் பாதி வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் மேல் எனக்கு ஆசை விழுந்தது எப்போது என்று தெரியவில்லை. ஒரு மகள், அவளும் பொழுதுக்கும் கம்பெனியில். வீட்டில் இருக்கும் ஒரே மனுஷன் தறியோடு பேசுவார், என்னோடு பேசமாட்டார். நான் வெங்காயம் நறுக்கும்போது என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதோடு எதையாவது பேசத்தானே தோன்றும்? பேசினேன். மாமியார் வீட்டுக் கதை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டது. அது போய்விடக்கூடாது என்று ஏகாம்பரநாதருக்குக்கூட ஒரு வேண்டுதல் வைத்தேன். இவர் காதில் விழாமல்.

அவர் தறியில் உட்கார்ந்த நேரமெல்லாம் எனக்கு உதறல்தான். சேலைத் துணிமேல் ஏறுகிறதா, நூலை இழுக்கிறதா என்று சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஆனால் குட்டி தறிமேல் ஏறவே இல்லை. அதற்குப் பிடித்த இடம் தறிக்குக் கீழே இருந்தது. எங்கள் தறி குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற பள்ளத்துக்குள் கால்களைத் தொங்கவிட்டு, அடியில் உள்ள மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். அந்தக் குழி எந்த வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். குட்டி மதியம் ஆனால் அதற்குள் இறங்கிவிடும். "மிதிச்சி நசுக்கிடப் போறேன், எட்து வெளில போடு" என்று சத்தம் போடுவார். நான் குனிந்து எடுத்து வெளியே விடுவேன். மறுபடி இறங்கும். கொஞ்ச நாளில் அவர் சத்தம் போடுவது நின்றுவிட்டது. தொண்டை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் கணவரின் நெசவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இழையைச் சுமந்துகொண்டு நாடாக் கட்டை குறுக்கே ஓடியதும், அது விட்டுப்போன இழையைப் பலகையால் இழுத்து அடித்து நெருக்க வேண்டும். அந்த அடி ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. இவர் அடி கனமானது. தெருமுனையில் திரும்பும்போதே, இவர் நெய்துகொண்டிருக்கிறாரா சாப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். அநேகமாக நெய்துகொண்டுதான் இருப்பார். சோறு போட்டுக் கூப்பிட்டால் வரவே மாட்டார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இது உச்சத்தில் இருந்தது. தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டியிருந்தோம். குழந்தை தூங்கிய நேரத்திலாவது மனுஷன் எழுந்து வந்து சாப்பிடலாம் இல்லையா? வரமாட்டார். அப்போதுதான் இன்னும் மும்முரமாக அடிப்பார். குழம்பு ஆறி, ரசம் ஆறி, நானும் ஆறி அவலாகிப் போவேன். என் தங்கையிலிருந்து தெருவில் கீரை விற்கிற அம்மா வரைக்கும் இந்தப் புகாரைக் கேட்காதவர் கிடையாது.

அப்படிப்பட்ட அடி ஒரு மதியம் தணிந்துவிட்டது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். டக் டக் என்று கேட்க வேண்டிய சத்தம், யாரோ கதவை மெல்லத் தட்டுவது போலக் கேட்டது. நின்றுவிட்டு, மறுபடியும் அதே மாதிரி. மனுஷனுக்குத் தோள்பட்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டினேன். "இன்னாங்க, கை வலிக்குதா?" என்று கூடத்து வாசலில் நின்று கேட்டேன். அவர் அவசரமாக விரலை உதட்டில் வைத்து, போ போ என்று கையைக் காட்டினார். கோபமாக இருக்கிறார், வலிதான் என்று உறுதியானது. சாயங்காலம் தைலத்தை எடுத்து வந்து முதுகு, தோள், கை எல்லாம் அழுத்தித் தேய்த்துவிட்டேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வலிக்குதா?" என்றால் "ம்" என்றார். "இங்க?" என்றால் அதற்கும் "ம்" என்றார்.

சில நாள் கழித்து மேஸ்திரி வந்தார். எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிற கடையின் ஆள். தறி தறியாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. இவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார், காபி இல்லாமல் போகமாட்டார். அன்று மகளுக்கு லீவு, வீட்டில் இருந்தாள். மேஸ்திரி, இவர் நெய்து சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் பிரித்து, அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது.

"அண்ணே, இங்க இன்னா இது? வெளிச்சம் ஜாஸ்தியா வருதே."

நானும் போய்க் குனிந்து பார்த்தேன். அரக்கு நிறத் துணியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே வெளிச்சம் பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து தெரிந்தது. நடுநடுவே சில இழைகள் சரியாகப் பின்னாமல் தாண்டிப் போயிருந்தன. அந்த நேரம் பார்த்துக் குட்டி குழியிலிருந்து ஏறி வந்து, மேஸ்திரியின் காலடியில் உட்கார்ந்து சாவகாசமாகக் காதைச் சொறிந்தது.

"பூன வளக்குறீங்களா? அப்ப சரி. நெய்யும்போது மேல ஏறிப் படுத்திருக்கும், துணி தொய்ஞ்சிருக்கும். பட்டு நூலையும் பூனையையும் ஒண்ணா வெச்சிக்கினு இன்னாண்ணே நெசவு?" என்றார் மேஸ்திரி.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

மகளின் முகம் சுண்டிவிட்டது. "அது மேல ஏறவே இல்ல நைனா, சத்தியமா" என்றாள். நான் அந்தப் பட்டையை மறுபடியும் பார்த்தேன். தார் சுற்றிச் சுற்றியே பாதி ஆயுள் போனவள் நான். துணி பார்க்க எனக்கும் தெரியும். நகம் பட்டிருந்தால் ஓர் இழை இழுபட்டிருக்கும். பூனை படுத்திருந்தால் ஓரிடம் கசங்கியிருக்கும். இதுவோ இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சீராக மெலிந்திருந்தது. மெதுவாக அடித்தால்தான் இப்படி வரும். அடிக்கிற பலகை இருப்பது ஒரே ஒருவர் கையில். மெதுவாக அடித்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குத் தைலத்தில் பாதி பாட்டில் தீர்த்தவள் நான்தானே.

வந்த ஆத்திரத்துக்கு எல்லாவற்றையும் மேஸ்திரி முன்னாலேயே கொட்டியிருப்பேன். ஆனால் இவருடைய அடியைப் பற்றி அந்தக் கடையில் ஒரு பேர் இருக்கிறது. வெளியாள் முன்னால் அதை என் வாயால் கெடுக்க மனசு வரவில்லை. அதற்காக வாயில்லாத ஜீவன்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டும் நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் மகளின் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தேன். குட்டியைத் தூக்கி அதற்குள் வைத்தேன். பையை என் கணவர் முன்னால் நீட்டினேன்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். கொற வந்தாச்சி. நீங்களே கொண்டுபோய் வுட்டுட்டு வாங்க."

"அம்மா!" என்று மகள் கத்தினாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் பையை வாங்கிக்கொண்டு செருப்பைப் போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. தாய்ப்பூனை இனி இதைச் சேர்க்காது. திருப்பருத்திக்குன்றத்தில் தெருநாய் வேறு அதிகம்.

அவர் பையை வாங்கினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குட்டி வெளியே தலையை நீட்டி அவரைப் பார்த்து ஒரு முறை கத்தியது. அவ்வளவுதான்.

"பூன இல்லப்பா" என்றார் மேஸ்திரியிடம். "நான்தான். கால் மேல படுத்து தூங்கிடுச்சி. பலமா அடிச்சா முழிச்சிக்கும்னு மெதுவா அடிச்சேன். அந்தக் கால அசைக்க முடில. ஒத்தக் கால்லயே ரெண்டு கட்டையையும் மாத்தி மாத்தி மிதிச்சேன். அதான் அங்கங்க இழ தாண்டிடுச்சி."

மேஸ்திரி வாயில் வைத்த காபியை விழுங்க முடியாமல் தவித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அடுத்த வீட்டுத் தறி நின்றுவிட்டது. என் கணவர் நிறம் மாறி உட்கார்ந்திருந்தார். அந்த நிறம் மட்டும் நன்றாக ஏறியிருந்தது.

"நல்ல வேளைண்ணே, இது ஆரம்பத்துல வர எடம். இடுப்புல உள்ள சொருகிடுவாங்க. எந்தப் பொண்ணு டார்ச் அடிச்சிப் பாக்கப் போவுது? மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே மேஸ்திரி கிளம்பினார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் போய்விடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அவர் போன பிறகு நான் ஆரம்பித்தேன். "கை வலியா கை வலி? அவ்ளோ தைலம் தேச்சனே, வாயத் தெறந்து சொன்னா இன்னா?"

"நல்லா இருந்துச்சி. அதான் சொல்லல" என்றார்.

மகளுக்கு உயிர் திரும்பிவிட்டது. குட்டியைப் பையிலிருந்து எடுத்து முகத்தோடு ஒட்டிக்கொண்டு அவரைக் கிண்டல் செய்தாள். "நைனா, நான் குழந்தையா இருந்தப்ப பக்கத்துலயேதான தூளி கட்டியிருந்துச்சி. எனக்கு ஒரு நாளாச்சும் இப்படி மெதுவா அடிச்சியா? பூனைக்குன்னா மட்டும் ஒத்தக் கால்ல நெய்வியா?"

நானும் விடவில்லை. "நல்லா கேளு. பச்சப்புள்ள தூங்கும்போது இடி இடிக்கிற மாதிரி அடிப்பாரு. சோறு ஆறுதுன்னு கத்துவேன், காதுலயே போட்டுக்க மாட்டாரு."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கிண்டல் அவருக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை. ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"நீ வேற மாதிரி. தறிச் சத்தம் இருந்தாத்தான் தூங்குவ. நின்னுச்சின்னா ஒடனே முழிச்சிக்கினு அழுவ. உங்கம்மாவும் ராவெல்லாம் உன்ன வெச்சிக்கினு முழிச்சிருப்பா. மத்தியானமாச்சும் ரெண்டு பேரும் செத்த நேரம் தூங்கட்டுமேன்னு, நான் சாப்பிட எழுந்துக்காம அடிச்சிக்கினே இருப்பேன்."

மகள் கிண்டலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆமாம், நான் தூங்கினேன். தூளிக்குக் கீழே முந்தானையை விரித்து, கயிற்றைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போவேன். எழுந்து பார்த்தால் சோறு ஆறியிருக்கும். அந்தக் கோபத்தில் மறுபடியும் கத்துவேன். சத்தம் நின்றால் குழந்தை எழுந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அது நின்றால்தானே எனக்குத் தெரிந்திருக்கும்!

"இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றேன். அழுகையை மறைக்கக் கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"நீ எங்க கேட்ட?"

"தெனமும் கேட்டேன். ஏன் சாப்பிட வரலன்னு தெனமும் கேட்டேன்."

"கேக்கலம்மா, திட்டின" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அடுப்படிக்குப் போய் ஒரு காரியமும் இல்லாமல் பாத்திரங்களை உருட்டினேன்.

அந்தச் சேலை முடிந்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று. எந்த ஊர்ப் பெண் கட்டினாளோ. அவள் இடுப்புக்குள் எங்கள் குட்டியின் ஒரு மதியத் தூக்கம் சொருகியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெருவில் இன்றைக்கும் இவரைப் பார்த்தால், "இன்னாண்ணே, ஒத்தக் காலா, ரெட்டக் காலா?" என்று கேட்கிறார்கள். முறைத்துவிட்டு வருகிறார். பூனைகளை முறைப்பதை நிறுத்திவிட்டார்.

குட்டி இப்போது பூனையாகிவிட்டது. சாயம் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை, ஆனால் "ஏய்" போய்விட்டது. "வாம்மா, வந்து படும்மா" என்று கூப்பிடுகிறார். "ஏய்" இப்போது எனக்கு மட்டும். மெதுவாக அடித்து நெய்வது இனிமேல் கிடையாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் பூனை குழிக்குள் இறங்கி அவர் பாதத்தில் தலை வைத்துவிட்டால் தறியையே நிறுத்திவிடுகிறார். அதற்காக எழுந்து வரவும் மாட்டார், அது விழித்துக்கொள்ளுமாம்.

மதியத்தில் தறிச் சத்தம் நின்றதும் நான் சோற்றைப் போட்டு, பட்டில் சிந்திவிடக்கூடாதே என்று குழம்பு ஊற்றி முன்பே பிசைந்து, தட்டோடு தறிக்கே போகிறேன். அவர் துணிமேல் பழைய போர்வையை இழுத்து மூடிவிட்டு, காலை அசைக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறார். ஊதி ஊதிச் சாப்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு நான் பார்ப்பது இப்போதுதான்.